திரையில் சரி, தாளில் தப்பு: அச்சு ஃபைல் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மதுரையில் ஆவணி, தை முகூர்த்தங்கள் நெருங்கினால் அழைப்பிதழ் ஃபைல்கள் குவியும். சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் போஸ்டரும் நோட்டீஸும். ஆடிப்பெருக்கில் சிவகாசியில் காலண்டர் ஆல்பம் வெளியானதும் அந்த வேலை தொடங்கும். வேலை மாறுகிறதே தவிர, ஃபைலில் வரும் கோளாறு மாறுவதில்லை. திரும்பத் திரும்பச் சரிசெய்த அந்தக் கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாமல் தீருகிற காரணம் முதலில் வரும். ப்ளேட்டும் (மை ஏற்றி அச்சடிக்கிற தகடு) பேப்பரும் வீணாகிற காரணம் கடைசியில்.

ஒரு பழக்கம் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. கோரல்டிராவிலோ ஃபோட்டோஷாப்பிலோ பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். கடைசியாக அனுப்பப்போகிற பிடிஎஃப்பை, டிசைன் செய்யாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். டிசைன் செய்த கம்ப்யூட்டரில் எழுத்துரு இருக்கும், படமும் இருக்கும். அது உண்மையைச் சொல்லாது. இலவச அக்ரோபேட் ரீடரே பாதிச் சோதனைக்குப் போதும். மீதிக்கு அக்ரோபேட் ப்ரோவில் உள்ள 'அவுட்புட் ப்ரிவியூ' வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் அச்சகத்தில் ஃபைலை அச்சுக்குத் தயார் செய்கிற ப்ரீபிரஸ் ஆளிடம் இருக்கும், கேட்டால் பார்த்துச் சொல்வார்.

அறிகுறி 1: தமிழ் எழுத்து கெட்டுவிட்டது

இங்கே வரும் ஃபைல்களில் அதிகம் பார்ப்பது இதுதான். எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*முழுப் பத்தியும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக, அல்லது வெறும் கட்டங்களாக இருந்தால்*

பாமினி, வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் அது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறார்கள். முதலில் பிடிஎஃப்பில் கன்ட்ரோல் + டி அழுத்தி, 'ஃபான்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். இல்லாத பெயர்தான் குற்றவாளி. பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளே சேர்க்கச் சொல்லி மறுபடி எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பழைய எழுத்துருக்கள் சில, உள்ளே சேர மறுக்கும். அப்போது எழுத்தை வடிவமாக மாற்ற வேண்டியதுதான். கோரல்டிராவில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + க்யூ. இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ. மாற்றும் முன் ஃபைலை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். வடிவமாகிவிட்ட எழுத்தில் மாமா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருத்த முடியாது. மூலமும் அழிந்திருந்தால் மொத்தத்தையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

*கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று நின்றால்*

இது யூனிகோடு எழுத்து; ஆனால் டிசைன் மென்பொருளுக்கு அதைக் கோத்து வைக்கத் தெரியவில்லை. இன்டிசைனில் பாராகிராஃப் பலகத்தின் மெனுவுக்குப் போய் 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பில் ப்ரிஃபரன்ஸ், டைப் பகுதியில் புதிய பதிப்பு என்றால் 'வேர்ல்டு ரெடி', பழையது என்றால் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதை மாற்றிவிட்டு, மூடித் திறக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் ப்ரிஃபரன்ஸ், டைப் பகுதியில் 'இன்டிக் ஆப்ஷன்ஸ்' தேர்வைப் போட வேண்டும். பேஜ்மேக்கர் 7 வைத்திருப்பவர்கள் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். அதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவி போதும்.

மென்பொருள் சரியாக இருந்தும் ஓரிரு சொற்கள் மட்டும் கெட்டிருந்தால், மேட்டரை (அச்சிட வேண்டிய வாசகத்தை) ஏதோ ஒரு பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்திருப்பார்கள். அப்படி எடுக்கும்போது கொம்பும் காலும் வரிசை மாறி வரும். அந்தச் சொற்களைக் கையால் மறுபடி அடித்துவிடுவதே வேகமான வழி.

'ஸ்ரீ' மட்டும் உடைந்து நின்றால் அது தனிக் கதை. யூனிகோடில் ஸ்ரீயை இரண்டு விதமாக அடிக்க முடியும்: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, கிரந்த ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. சில எழுத்துருக்களில் ஒன்று சேர்ந்து வரும், மற்றது பிரிந்து நிற்கும். இன்னொரு விதத்தில் அடித்துப் பாருங்கள். மதுரை அழைப்பிதழில் ஸ்ரீ இல்லாத பக்கமே கிடையாது என்பதால், ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டுவிடுவது நல்லது.

*தமிழ் சரி, ஆனால் மாப்பிள்ளையின் பட்டமும் மின்னஞ்சல் முகவரியும் கெட்டிருந்தால்*

ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துருவுக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பாமினியில் பி.ஈ. என்று ஆங்கிலத்தில் அடித்தால் வேறு ஏதோ தமிழ் எழுத்து விழும். அந்த இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றுங்கள். கன்வெர்ட்டரில் போட்டு எடுத்த மேட்டர் என்றால் பட்டங்கள், மேற்கோள் குறி, ஸ்ரீ, க்ஷ, ஔ ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எண்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். இருந்தாலும் போன் நம்பரை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பதில் நஷ்டமில்லை.

*வடிவமாக மாற்றியபின் எழுத்துக்குள் வெள்ளை ஓட்டை தெரிந்தால்*

எழுத்தின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் வெட்டுப்பட்டிருக்கிறது. கோரல்டிராவில் அந்த எழுத்தைப் பிரித்து, துண்டுகளை 'வெல்டு' செய்தால் அடைந்துவிடும். தலைப்பில் நாலைந்து எழுத்து என்றால் செய்யலாம். பக்கம் முழுக்க அப்படி இருந்தால் எழுத்துருவையே மாற்றுங்கள்.

இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவைப்படுவது ஒரே இடத்தில்தான். முழுப் புத்தகம் பழைய எழுத்துருவில் இருக்கிறது, எந்த எழுத்துரு என்றே தெரியவில்லை, ஆசிரியர் கையில் அச்சுப் பிரதி மட்டும்தான் உள்ளது என்றால் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற அனுபவமுள்ள டிடிபி ஆளிடம் கொடுத்துவிடுங்கள். எழுத்தைப் பார்த்தே எந்தக் குறியீடு என்று சொல்லக்கூடியவர்கள் மாசி வீதிகளில் இன்னும் இருக்கிறார்கள்.

அறிகுறி 2: கலர் வேறாக வந்திருக்கிறது

முதல் சோதனை: ஃபைல் ஆர்ஜிபியா, சிஎம்ஒய்கேயா? ஆர்ஜிபி என்பது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி; சிஎம்ஒய்கே என்பது தாளில் ஏறும் சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (ஊதாச்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆர்ஜிபியில் கொடுத்தால் அச்சகத்தின் மென்பொருள் தன் போக்கில் மாற்றிக்கொள்ளும். நீங்களே சிஎம்ஒய்கேவுக்கு மாற்றி, மாறியபின் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். அதற்குப் பிறகும் கலர் சரியில்லை என்றால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

*நீலம் கத்தரிப்பூ நிறமாக வந்தால்:* சயானும் மெஜந்தாவும் சமமாக இருக்கிறது. சயான் 100, மெஜந்தா 100 என்பது தாளில் நீலம் அல்ல, ஊதா. மெஜந்தாவைக் குறைந்தது 30 சதவீதமாவது குறையுங்கள். சயான் 100, மெஜந்தா 65 வைத்தால் நல்ல நீலம் வரும்.

*கிளிப்பச்சை, மின்னுகிற ரோஸ் எல்லாம் மங்கிப்போனால்:* அந்த நிறங்கள் நாலு மையில் வராது. ஃபைலில் எத்தனை முறை திருத்தினாலும் வராது. வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டாயம் வேண்டும் என்றால் ஐந்தாவதாகத் தனி மை ஓட்ட வேண்டும், அதற்குத் தனி ப்ளேட், தனிக் காசு.

*தங்கம் கடுகு நிறமாக வந்தால்:* திரையில் மினுக்குவது மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போகிற ஒரு கிரேடியன்ட் மட்டும்தான். தாளில் அது மினுங்காது. மினுங்க வேண்டுமென்றால் ஃபாயில் (தங்கநிற மெல்லிய தாள்) அடிக்க வேண்டும், அல்லது கோல்டு மையில் ஸ்க்ரீன் பிரின்ட். அதற்கான ஃபைலில் பிள்ளையார், மாலை, பெயர் என்று தங்கமாக வர வேண்டியதை மட்டும் தனிப் பக்கமாக, வெறும் கறுப்பு 100 சதவீதத்தில், கிரேடியன்ட் இல்லாமல், வெக்டராக (பிக்சல் படமாக இல்லாமல் கோட்டு வடிவமாக) கொடுங்கள். மெல்லிய கொடிவேலைப்பாடு ஃபாயிலில் அடைந்துவிடும். எவ்வளவு மெல்லிய கோடு நிற்கும் என்பதை ப்ளாக் (ஃபாயிலை அழுத்துகிற அச்சு) செய்பவரிடம் முதலிலேயே கேளுங்கள், ப்ளாக் வெட்டியபின் கேட்டுப் பயனில்லை.

*பெரிய கறுப்புப் பரப்பு வெளிறி, சாம்பல் பூத்த மாதிரி இருந்தால்:* கறுப்பு மை மட்டும் போட்டிருக்கிறீர்கள். பெரிய பரப்புக்குக் கீழே மற்ற மைகளும் கொஞ்சம் வேண்டும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்பது ஆர்ட் பேப்பரில் (பூச்சுள்ள வழுவழுப்பான தாள்) பாதுகாப்பான கலவை. ஆனால் இதை எழுத்துக்குப் போடாதீர்கள்; காரணம் அறிகுறி 5-ல் வருகிறது.

*மை காயாமல் அடுத்த தாளின் பின்பக்கம் ஒட்டியிருந்தால்:* மையின் மொத்தக் கூட்டு அதிகம். அவுட்புட் ப்ரிவியூவில் 'டோட்டல் ஏரியா கவரேஜ்' என்ற இடத்தில் 300 என்று போட்டுப் பாருங்கள். தாண்டிய இடமெல்லாம் நிறம் மாறிக் காட்டும். ஆர்ட் பேப்பரில் 300 சதவீதம் வரை போகலாம், நியூஸ்பிரின்டில் 240-ஐத் தாண்டக் கூடாது. அடிக்கடி பார்க்கும் காரணம், பின்னணிக்கு 'ரெஜிஸ்ட்ரேஷன்' கறுப்பைத் தேர்ந்தெடுத்துவிடுவது. அது நாலு மையும் 100 சதவீதம், மொத்தம் 400. கட்டிங் குறிக்கு மட்டுமே உள்ள நிறம் அது.

*வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரி, வாடிக்கையாளர் போனில் கண்ணைக் கூசுகிறதாம்:* சிஎம்ஒய்கே ஜேபெக் அனுப்பியிருப்பீர்கள். பார்ப்பதற்கு ஆர்ஜிபி பிரதி ஒன்றும், அச்சுக்கு வேறொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போனில் பார்த்து "கலர் ஓகே" என்று சொல்வதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

*போன தடவை மாதிரி இல்லை என்றால்:* அதே ஃபைல்தானா, அதே பேப்பர்தானா என்று பாருங்கள். ஆர்ட் பேப்பரில் போனது மேப்லித்தோவில் (பூச்சில்லாத தாள்) அடித்தால் மை இறங்கி, நிறம் கறுத்துத்தான் வரும். மேட் லேமினேஷன் போட்டாலும் நிறம் கொஞ்சம் அடங்கும். விசிட்டிங் கார்டு என்றால் இன்னொரு காரணமும் உண்டு. பல பேருடைய கார்டுகளை ஒரே தாளில் சேர்த்து ஓட்டுகிறார்கள். பக்கத்துக் கார்டு முழுச் சிவப்பாக இருந்தால் அதற்கு மை கூட்டும்போது உங்கள் கார்டும் சிவக்கும். அந்த விலைக்கு அதுதான் கிடைக்கும். கம்பெனி லோகோ நிறம் அட்சரசுத்தமாக வேண்டும் என்பவர்கள் தனியாக ஓட்டச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும்.

முகூர்த்தப் பட்டைக் கொண்டுவந்து காட்டி "இந்த அரக்கு அப்படியே வேண்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. ஃபைலில் நீங்கள் அதற்கு முயற்சி செய்யாதீர்கள். பட்டின் பளபளப்பு தாளில் இல்லை. அச்சகத்தில் உட்கார்ந்து, அதே பேப்பரில் ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்து, பெண் வீட்டாரையே பார்க்கவைத்துக் கையெழுத்து வாங்குவதுதான் வழி.

அறிகுறி 3: படம் மங்கலாக, கட்டம் கட்டமாக வந்திருக்கிறது

பத்துக்கு எட்டு வாட்ஸ்அப்தான். சாதாரணமாக அனுப்பிய போட்டோவின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 5.3 அங்குலத்துக்குத்தான் வரும். ஏ4 அட்டைக்கு எட்டாது. அனுப்பியவரிடம் "டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்" என்று சொல்லி மறுபடி வாங்குங்கள். காசில்லாத தீர்வு இது.

போட்டோவே டாக்குமென்ட்டாக வந்தும் மங்கலா? டிசைனில் எவ்வளவு பெரிதாக இழுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இன்டிசைனின் லிங்க்ஸ் பலகத்தில் 'எஃபெக்டிவ் பிபிஐ' என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் நம்ப வேண்டும். 300 டிபிஐ படத்தை இரண்டு மடங்கு இழுத்தால் அது 150. தாளில் 4 × 6 அங்குலத்தில் வர வேண்டிய படத்துக்கு 1200 × 1800 பிக்சல் தேவை. ஃபோட்டோஷாப்பில் 72 என்பதை அழித்து 300 என்று போட்டு 'ரீசாம்பிள்' செய்வது ஏமாற்று வேலை. எண் மாறும், படம் தெளியாது.

படம் தெளிவு, ஆனால் நிழலும் ஒளிவட்டமும் மட்டும் சொரசொரப்பு என்றால், இல்லஸ்ட்ரேட்டரில் 'டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ்' 72-ல் இருக்கும். 300 ஆக்குங்கள்.

தாத்தாவின் பழைய சட்டம் போட்ட படம் மட்டுமே இருக்கிறது என்றால் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். கண்ணாடியைக் கழற்றி, ஸ்கேன் செய்து தரச் சொல்லுங்கள். கறை படிந்து, முகம் பாதி அழிந்திருந்தால் படம் செப்பனிடும் ஸ்டுடியோவிடம் போகட்டும். அந்த வேலை அச்சு டிசைனருக்கு உரியதல்ல. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு வரும் படங்களுக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. கிடைத்ததைச் சிறிதாகப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கிவிடுவது நல்லது.

அறிகுறி 4: ஓரத்தில் வெள்ளைக் கோடு, அல்லது எழுத்து வெட்டுப்பட்டது

இரண்டும் ஒரே நோய்தான். கட்டிங் மிஷின் ஒரு மில்லிமீட்டர் முன்பின் போகும். பின்னணி நிறமும் படமும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் 3 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். எழுத்தும் லோகோவும் கோட்டுக்கு உள்ளே 3 முதல் 5 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். ஏ4 நோட்டீஸ் என்றால் பின்னணியோடு 216 × 303 மி.மீ., 90 × 54 மி.மீ. விசிட்டிங் கார்டு என்றால் 96 × 60.

டிசைனில் நீட்டியிருந்தும் கோடு வந்தால், பிடிஎஃப் எடுக்கும்போது 'ப்ளீட்' (இப்படி வெளியே நீட்டுகிற பகுதி) பெட்டியை நிரப்ப மறந்திருக்கிறீர்கள். டிசைன் ஃபைலை மட்டும் பார்த்து "நான் விட்டிருக்கிறேனே" என்று வாதாடுபவர்கள்தான் அதிகம்.

ஓரத்தில் ஒட்டி ஒரு மெல்லிய பார்டர் வைப்பதை விட்டுவிடுங்கள். வெட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து தெரியும். பார்டர் வேண்டுமென்றால் நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள். அழைப்பிதழின் மூலைகளில் முகவரியோ போன் நம்பரோ வைப்பதும் வேண்டாம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுப்பார்கள், படிக்க முடியாது.

தாமரை, கோபுரம் என்று வடிவம் வெட்டுகிற கார்டு என்றால் டை (அந்த வடிவத்தில் வெட்டுகிற அச்சு) செய்பவரிடம் அவுட்லைன் ஃபைலை முதலில் வாங்கிவிட்டு அதன்மேல் டிசைன் செய்யுங்கள். உங்கள் டிசைனுக்கு டை வெட்டச் சொல்வது செலவான வழி.

அறிகுறி 5: எழுத்தைச் சுற்றி நிழல், இரட்டை, பொடி எழுத்து அடைந்துபோனது

சின்ன எழுத்து நாலு மையில் போயிருக்கிறது. நாலு ப்ளேட்டும் முடியளவு விலகினாலே எழுத்துக்குக் கலர் நிழல் விழும். அவுட்புட் ப்ரிவியூவில் 'ப்ளாக்' (கறுப்பு) என்ற பெட்டியின் குறியை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். பத்தி எழுத்து மொத்தமாக மறைய வேண்டும். மங்கலாக இன்னும் தெரிந்தால் மற்ற மையும் கலந்திருக்கிறது.

இதற்கு வழக்கமான காரணம், ஃபோட்டோஷாப்பிலேயே மேட்டரை அடித்துவிடுவது. அங்கே ஆர்ஜிபி கறுப்பைச் சிஎம்ஒய்கே ஆக்கினால், பரவலாக உள்ள அமைப்பில் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று விழும். எட்டு பாயின்ட் தமிழ் எழுத்துக்கு இது தாங்காது. படத்தை மட்டும் ஃபோட்டோஷாப்பில் செய்யுங்கள். எழுத்தை கோரல்டிராவிலோ இன்டிசைனிலோ, கறுப்பு 100 மட்டும் போட்டு வையுங்கள். வேர்டிலிருந்து ஒட்டிய மேட்டரும் ஆர்ஜிபி கறுப்பைச் சுமந்துகொண்டு வரும், அதையும் மாற்றுங்கள்.

இருட்டுப் பின்னணியில் வெள்ளை எழுத்து அடைந்துபோனால், ண, ஞ, இ, ஐ போன்ற சுழி உள்ள எழுத்துகளைப் பாருங்கள். முதலில் அடைவது அவைதான். ஆங்கிலத்தில் ஏழு பாயின்ட்டில் நிற்கிற டிசைன் தமிழில் நிற்காது. பத்து பாயின்ட்டுக்குக் குறையாமல், மெல்லிய வகை எழுத்துருவைத் தவிர்த்து வையுங்கள். பின்னணியும் ஒன்றிரண்டு மையில் இருந்தால் இன்னும் நல்லது.

ஃபைலில் எல்லாம் சரி, கறுப்பு மட்டும்தான், இருந்தும் படங்கள் எல்லாமே இரட்டையாகத் தெரிகின்றன என்றால் கோளாறு உங்களுடையது அல்ல. மிஷினில் ரிஜிஸ்டர் அவுட். தாளின் ஓரத்தில் உள்ள சிலுவைக் குறியைப் பார்த்தால் தெரியும், நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை. உடனே மிஷினை நிறுத்தச் சொல்லுங்கள். "கொஞ்சம் ஓடினால் சரியாயிரும் தம்பி" என்பார் மிஷின்மேன். ஓடும் தாள் உங்கள் பேப்பர்.

அறிகுறி 6: ஒன்று காணோம், அல்லது இல்லாத ஒன்று வந்திருக்கிறது

*வெள்ளை எழுத்து காணாமல் போனால்:* அதற்கு 'ஓவர்பிரின்ட்' (கீழுள்ள நிறத்தின் மேலேயே அச்சிடு) குறி போடப்பட்டிருக்கும். வெள்ளை மேலே ஏறி அச்சாகாதே, அதனால் மறைந்துவிடும். முன்பு கறுப்பாக இருந்ததை வெள்ளையாக மாற்றும்போது இந்தக் குறி கூடவே வந்துவிடுகிறது. அக்ரோபேட் ரீடரின் ப்ரிஃபரன்ஸில், 'பேஜ் டிஸ்ப்ளே' பகுதியில் 'ஓவர்பிரின்ட் ப்ரிவியூ' என்பதை எப்போதும் என்று வைத்துக்கொண்டால் திரையிலேயே பிடிபடும். இந்த ஒன்றை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

*நிழலைச் சுற்றி லேசான பெட்டி தெரிந்தால்:* ட்ரான்ஸ்பரன்சி (கீழுள்ளது தெரிகிற ஊடுருவல்) உடைபட்டிருக்கிறது. பிடிஎஃப்பை அச்சுக்கான 'பிடிஎஃப்/எக்ஸ்-4' வகையாக எடுத்துப் பாருங்கள். அச்சகத்தின் மென்பொருள் பழையது, 'எக்ஸ்-1ஏ' தான் வேண்டும் என்றால், நிழலையும் அதன் கீழுள்ள பின்னணியையும் சேர்த்து 300 டிபிஐ சிஎம்ஒய்கே பிட்மேப்பாக மாற்றிவிட்டு, எழுத்தை அதற்கு மேலே வையுங்கள். கோரல்டிராவின் நிழல், லென்ஸ், மெஷ் எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து.

*படத்தின் குறுக்கே தலைமுடி போல வெள்ளைக் கோடு:* பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு அதே மெலிவில் இருந்தால் அது திரையின் விளையாட்டு, தாளில் வராது. பெரிதாக்கும்போது கோடும் தடித்தால் உண்மையான இடைவெளி.

*மெல்லிய கோடுகள் அச்சில் இல்லை:* கோரல்டிராவின் 'ஹேர்லைன்' அது. 0.25 பாயின்ட்டுக்குக் குறைந்து எதையும் நம்பாதீர்கள், கலர் கோடு என்றால் அரை பாயின்ட்.

அறிகுறி 7: புத்தகத்தில் பக்கம் மாறி, அல்லது வெற்றுப் பக்கத்தோடு வந்தது

நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் அட்டையோடு சேர்த்து மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். கோயில் மலர், பள்ளி ஆண்டுமலர் இரண்டிலும் கடைசி நிமிடத்தில் ஒரு வாழ்த்துச் செய்தி வந்து சேர்ந்து, 48 பக்கம் 49 ஆகும். அப்போது மூன்று விளம்பரம் பிடிக்க வேண்டும் அல்லது ஒன்றைத் தூக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

பக்கங்களை நீங்களே ஜோடி சேர்த்து அனுப்பாதீர்கள். ஒற்றைப் பக்கங்களாக, ஒன்று முதல் கடைசி வரை வரிசையாக ஒரே பிடிஎஃப்பில் கொடுங்கள். எட்டுப் பக்க ஃபாரமா (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகிற பக்கத் தொகுதி), பதினாறா என்று அடுக்குவது அவர்கள் வேலை. முதுகு வைத்து ஒட்டுகிற புத்தகத்துக்கு அட்டை ஃபைல் செய்யும் முன் அதே பேப்பரில் வெற்று டம்மி ஒன்று கேட்டு வாங்கி, முதுகின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கணக்குப் போட்டு வைத்த முதுகில் தலைப்பு ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கும்.

அறிகுறி 8: ஃப்ளெக்ஸ் ஃபைல் திறக்கவில்லை, கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது

விசிட்டிங் கார்டு பழக்கத்தில் ஃப்ளெக்ஸுக்கும் 300 டிபிஐ வைத்திருக்கிறீர்கள். 10 × 8 அடி பேனரை 72 டிபிஐயில் வைத்தாலே 8640 × 6912 பிக்சல் வரும், அமுக்காத சிஎம்ஒய்கே ஃபைல் சுமார் 240 எம்பி. சாலையில் நின்று பார்க்கிறவருக்கு அது போதும். கடைக்குள் ஆளுயரத்தில் நிற்கிற ஸ்டாண்டி என்றால் மட்டும் 100, 150 வரை போங்கள். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஒரு பக்கம் 30,000 பிக்சலைத் தாண்டாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சுற்றிலும் மடித்து ஒட்டி வளையம் அடிக்க இடம் விட வேண்டும். எவ்வளவு என்று அந்தந்தக் கடையில் கேளுங்கள். முகங்களை ஓரத்தில் ஒட்டி வைத்தால், தாய்மாமன் நெற்றியில் கயிறு கட்டுவார்கள். மதுரையில் காதுகுத்து பேனரில் இதைவிடப் பெரிய வில்லங்கம் இல்லை.

அறிகுறி 9: அச்சகம் ஃபைலைத் திருப்பி அனுப்புகிறது

பெரும்பாலும் பதிப்புச் சிக்கல். கோரல்டிராவின் புதிய பதிப்பில் செய்ததை அவர்களின் எக்ஸ்3-யோ 12-ஓ திறக்காது. பழைய பதிப்பாகச் சேமித்து, கூடவே பிடிஎஃப்பும் கொடுங்கள். இன்டிசைன் என்றால் எழுத்துருவையும் படங்களையும் சேர்த்துத் தருகிற 'பேக்கேஜ்' செய்யாமல் ஃபைலை மட்டும் அனுப்பியிருப்பீர்கள்.

தேர்தல் நோட்டீஸும் போஸ்டரும் வேறு காரணத்துக்காகத் திரும்பி வரும். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும். டிசைன் அழகு கெடுகிறது என்று அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.

எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவது

ப்ளேட் போடும் முன்பு வரை எதைத் திருத்தினாலும் போவது உங்கள் நேரம் மட்டும்தான். ப்ளேட்டுக்குப் போய்விட்டது, அப்போதுதான் தப்பு தெரிந்தது என்றால் ஃபைலைத் திறந்து திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் போன் அடித்து வேலையை நிறுத்துங்கள். எந்தக் கலரில் தப்பு என்று கேட்பார்கள். கறுப்பு எழுத்து மட்டும் மாறுகிறது என்றால் கறுப்பு ப்ளேட் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். நாலு மையில் கலந்த எழுத்து என்றால் நாலு ப்ளேட்டும் போச்சு.

வேலை சிவகாசியில் ஓடுகிறது என்றால் முதல் தாள் வரும் நேரத்துக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுங்கள். பெரிய காலண்டர் ஆர்டருக்கு அந்தப் பஸ் காசு ஒரு பொருட்டில்லை. ப்ரூஃபைக் கையோடு எடுத்துப் போங்கள். மிஷின் பக்கத்தில் உள்ள வெளிச்சத்தில் இரண்டையும் ஒட்டிவைத்துப் பாருங்கள். சரி என்றால் அந்தத் தாளிலேயே தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை மிஷின்மேனிடமும் இன்னொன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.